நாவலந்தீவில் ஒரு நாவல்

ஆனி பிறந்து பத்து நாள் ஆகியிருக்கும். திருவானைக்காவல் சன்னதித் தெரு முனையில் அந்தக் கூடை வந்து உட்கார்ந்துவிடும். மூங்கில் கூடை, அதன்மேல் வாழை இலை, இலைமேல் குவியலாக நாவல். கூடைக்காரப் பாட்டியிடம் தராசு கிடையாது. எவர்சில்வர் டம்ளர்தான் அளவு. தலைதட்டாமல் குவித்து அளந்து, கூம்பாகச் சுருட்டிய செய்தித்தாளில் கொட்டி, மேலே தூளுப்பைத் தூவி, கூம்பின் வாயைப் பொத்தி இரண்டு குலுக்குக் குலுக்குவார். அந்தக் குலுக்கில்தான் கைப்பழக்கம் தெரியும். உப்பு எல்லாப் பழத்திலும் ஏற வேண்டும். ஒரு பழத்துக்கும் தோல் கிழியக் கூடாது. கிழிந்தால் காகிதம் நனைந்து சட்டையில் கறை ஏறும். நாவல் கறை லேசில் போகாது.

"கீழ விழுந்ததா பாட்டி, பறிச்சதா?"

"விழுந்தது மண்ணு ஒட்டியிருக்கும் தம்பி. இது துணியை விரிச்சுப் பிடிச்சு உலுக்கினது. ஒண்ணு வாயில போட்டுப் பாத்துட்டுக் காசு குடுங்க."

மண் ஒட்டிய நாவலை ஊதித் தின்ற ஔவையின் கதை எனக்கு அப்போது நினைவுக்கு வரும். மரத்தின் மேல் மாட்டுக்காரச் சிறுவனாக உட்கார்ந்திருந்த முருகன், பழம் சூடாக இருக்கிறதா என்று கேட்டு அவரைத் திகைக்க வைத்த கதை. தமிழ்நாட்டில் பள்ளிக்குப் போன எவருக்கும் நாவல் முதலில் அறிமுகமாவது அந்தக் கதை வழியாகத்தான்.

முப்பது ரூபாய் சொன்னார். மூன்று பத்து ரூபாய் நாணயங்களைக் கொடுத்தேன். ஒவ்வொரு நாணயத்திலும் சாரநாத் சிங்கங்கள். அசோகர் நிறுத்திய தூணின் தலைப்பகுதி அது. 1950 ஜனவரி 26 அன்று இந்திய அரசு தன் சின்னமாக ஏற்றுக்கொண்டது. சிங்கங்கள் பாட்டியின் சுருக்குப் பைக்குள் போயின. நாவல் என் கைக்கு வந்தது. இந்தக் கொடுக்கல் வாங்கலுக்குப் பின்னால் 2,200 ஆண்டுக் கணக்கு ஒன்று இருக்கிறது.

நம் நாட்டின் தேசிய மரம் ஆல். தேசியப் பூ தாமரை, பறவை மயில், விலங்கு புலி. தமிழ்நாட்டுக்கு மரம் பனை, பூ செங்காந்தள். இந்தப் பட்டியலில் நாவலைக் காணோம். ஆனால் சிங்கத் தூணை நிறுத்திய அதே அசோகர், தன் நாட்டைக் கல்லில் எப்படி அழைத்தார் என்று பார்க்க வேண்டும். கர்நாடகத்தின் சித்ரதுர்கா மாவட்டத்தில் பிரம்மகிரி என்ற இடத்தில் அவருடைய சிறு பாறைக் கல்வெட்டு ஒன்று இருக்கிறது. 1892ல் பி.எல். ரைஸ் கண்டெடுத்தது. அதில் பிராமி எழுத்தில் நாட்டின் பெயர் வருகிறது: ஜம்புதீபம். ஜம்பு என்றால் நாவல். நாவல் மரத்தின் நாடு. சின்னமாகச் சிங்கத்தை எடுத்துக்கொண்டோம்; அதைத் தந்தவர் நாட்டுக்கு வைத்து வழங்கிய பெயரோ, கூடையில் டம்ளரால் அளந்து விற்கிற இந்தப் பழத்தின் பெயர்.

அசோகரின் பெரிய பாறைக் கல்வெட்டுகளில் சோழர் பெயரும் பாண்டியர் பெயரும் வருகின்றன, தன் ஆட்சிக்கு வெளியே இருந்தவர்களாக. சோழரின் பழைய தலைநகரம் உறையூர், இன்று திருச்சி மாநகராட்சிக்குள் ஒரு பகுதி. திருவானைக்காவலிலிருந்து காவிரிப் பாலத்தைத் தாண்டினால் சிறிது நேரத்தில் போய்விடலாம்.

ஜம்புதீபம் என்ற பெயரைத் தமிழர் எப்படி வாங்கிக்கொண்டார்கள் என்பதில் எனக்குத் தனி மகிழ்ச்சி. வடமொழிச் சொல்லை ஒலியாக மட்டும் எடுத்துக்கொண்டு விட்டுவிடவில்லை. தம் மொழியில் சொன்னார்கள். நாவலந்தீவு. இது சின்ன விஷயம் போலத் தோன்றும். ஆனால் 19ஆம் நூற்றாண்டில் பாலி, சமஸ்கிருத நூல்களை ஆங்கிலத்தில் பெயர்த்தவர்கள் ஜம்பு என்பதை ரோஸ் ஆப்பிள் என்று எழுதினார்கள். ரோஸ் ஆப்பிள் என்பது நாம் பன்னீர்க் கொய்யா என்கிற பழம். வெளிறிய நிறம், பன்னீர் வாசம், தென்கிழக்கு ஆசியாவைச் சேர்ந்தது. புத்தரின் கதைகளைப் படித்த மேலை நாட்டவர் பல தலைமுறையாக இந்தியாவைப் பன்னீர்க் கொய்யா நாடு என்று எண்ணிக்கொண்டிருந்தார்கள். டொமினிக் வுஜாஸ்டிக் என்ற சமஸ்கிருத அறிஞர் 2004ல் இதற்கென்றே ஒரு கட்டுரை எழுதி, ஜம்பு என்பது கருநீலப் பழம் தரும் மரமே என்று எடுத்துக்காட்ட வேண்டியிருந்தது. தமிழ் அறிந்தவருக்கு இந்தக் குழப்பமே வராது. மணிமேகலை எழுதப்பட்ட காலத்திலேயே சம்பு என்றால் நாவல் என்று இங்கே தெளிவாக இருந்தது. நாவலந்தீவு என்ற ஒரு சொல் இந்த வழக்கில் நல்ல சாட்சி.

மணிமேகலையின் பதிகத்திலேயே இந்த மரம் நிற்கிறது. மேரு மலையிலிருந்து தெற்கே வந்த பெண் தெய்வம் ஒன்று கிளை விரிந்த நாவல் மரத்தின் கீழ் நின்று தவம் செய்கிறது. அதனால் அந்தத் தெய்வத்தின் பெயர் சம்பு. ஊரின் பெயர் சம்பாபதி. பிறகு காவிரி அங்கே வந்து சேர்ந்த பின் ஊர் காவிரிப்பூம்பட்டினம் ஆகிறது. ஆறு கடலில் கலக்கிற முனையில் ஒரு நாவல். ஆறு இரண்டாகப் பிரிந்து நடுவில் ஒரு நிலத்தை விடுகிற இடத்தில், திருவானைக்காவில், இன்னொரு நாவல். சோழ நாட்டுக் காவிரியின் தலைப்பிலும் வாயிலும் ஒரே மரம் காவல் நிற்கிறது.

நடுவில் விட்ட அந்த நிலம் ஒரு தீவு. முக்கொம்பில் கொள்ளிடம் பிரிந்து போக, ஒரு பக்கம் காவிரி, மறுபக்கம் கொள்ளிடம், நடுவே ஸ்ரீரங்கமும் திருவானைக்காவலும். தீவைக் குறிக்கும் த்வீபம் என்ற வடசொல்லைப் பிரித்தால் இரு பக்கமும் நீர் உடையது என்று பொருள். அப்படியானால் நாவலந்தீவுக்குள்ளேயே இன்னொரு நாவலந்தீவு இது. இந்தத் தீவின் கிழக்குப் பகுதியில் இருக்கிற சிவனுக்கு ஜம்புகேஸ்வரர் என்று பெயர். நாவல் நிழலில் இருக்கும் ஈசன்.

தல விருட்சம் வெண்நாவல், மூலவர் சன்னதியை ஒட்டி நிற்கிறது. அதற்குச் சொல்லும் கதையை முதன்முதலில் என் பாட்டி சொல்லிக் கேட்டேன். ஜம்பு என்ற முனிவருக்குச் சிவன் நாவல் பழம் ஒன்றைத் தந்தாராம். சிவன் கொடுத்த பழத்தின் கொட்டையை எங்கே துப்புவது? முனிவர் கொட்டையோடு விழுங்கிவிட்டார். அது வயிற்றில் முளைத்து, வளர்ந்து, தலையைப் பிளந்துகொண்டு மரமாக வெளியே வந்தது. சிறுவயதில் இந்தக் கதை கேட்ட இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. அன்று காலையில் நானும் ஒரு கொட்டையை விழுங்கியிருந்தேன்.

பெரியவனாகி மரங்களைப் பற்றிப் படிக்கத் தொடங்கிய பிறகுதான் அந்தக் கதைக்குள் ஒரு உண்மை இருப்பது தெரிந்தது. நாவல் விதை காத்திருக்காது. நெல்லையும் உளுந்தையும் உலர்த்தி ஆண்டுக்கணக்கில் சேமிக்கலாம். நாவல் கொட்டையை வெயிலில் காயவைத்தால் அது செத்துப்போகும். பழத்திலிருந்து வந்த கொட்டை இரண்டு வாரத்துக்குள் ஈர மண்ணைக் கண்டாக வேண்டும். இல்லையென்றால் முளைக்கும் சக்தி போய்விடும். விழுங்கிய உடனே முளைத்துவிட்டது என்று கதை சொன்னவர்கள், இந்த அவசரத்தைக் கண்ணால் பார்த்தவர்களாகத்தான் இருக்க வேண்டும். இன்னொரு விந்தையும் உண்டு: ஒரே கொட்டையிலிருந்து இரண்டு, மூன்று, சில சமயம் நாலைந்து கன்றுகள் கூட வரும். ஒரு விதைக்குள் பல கருக்கள்.

இந்த அவசரம்தான் நாவலின் பயணத்தை எழுதியிருக்கிறது. பூப்பது பங்குனி, சித்திரையில். பழுப்பது ஆனி, ஆடியில். மேட்டூர் அணையை ஜூன் 12ல் திறக்கும் வழக்கம்; திறந்து சில நாளில் முக்கொம்புக்குத் தண்ணீர் வந்துவிடும். அணைகள் எதுவும் இல்லாத காலத்திலும் குடகு மலையில் தென்மேற்குப் பருவமழை இறங்கியதும் ஆறு பெருகுவது இதே பருவத்தில்தான். புதுத்தண்ணீர் கரையை நனைக்கிற நேரத்தில் பழம் விழுகிறது. விழுந்த பழத்தை மைனாவும் குயிலும் பழந்தின்னி வௌவாலும் கொண்டுபோய் ஈரமுள்ள இடத்தில் போடுகின்றன. ஆற்றங்கரை, ஓடைக்கரை, ஏரி உள்வாய், வாய்க்கால் மேடு என்று நாவல் நிற்கிற இடத்தை எல்லாம் எண்ணிப் பாருங்கள். எங்கும் நீர்.

இதை 6ஆம் நூற்றாண்டிலேயே ஒருவர் எழுதி வைத்திருக்கிறார். உஜ்ஜயினியின் வராகமிகிரர் தம் பிருகத் சம்ஹிதையில் நிலத்தடி நீரைக் கண்டுபிடிப்பதற்கு ஒரு அத்தியாயம் ஒதுக்கியிருக்கிறார். எந்த மரம், எந்தத் திசையில் புற்று, எத்தனை முழம் தள்ளி, எத்தனை ஆள் ஆழம் என்று கணக்குச் சொல்கிறது அது. நாவல் மரம் கண்டால் அதற்கு வடக்கே மூன்று முழத்தில், இரண்டு ஆள் ஆழத்தில் நீரோட்டம் இருக்கும் என்கிறார். மரத்துக்குக் கிழக்கே பக்கத்திலேயே புற்று இருந்தால், தெற்குப் பக்கம் தோண்டினால் இனிப்பான தண்ணீர். வெட்டிய கிணற்றிலும் நாவல் விடுவதில்லை. கிணற்றின் அடியில் நாவல் பலகை போட்டு அதன்மேல் சுவர் எழுப்புவது பழைய வழக்கம். தண்ணீரிலேயே கிடந்தாலும் எளிதில் மக்காத மரம் அது. மேலே நின்று நீரைக் காட்டியது, வெட்டிய பின் கீழே கிடந்து நீரைக் காத்தது.

இப்போது திருவானைக்காவல் கருவறைக்கு வருவோம். பஞ்சபூதத் தலங்களில் இது நீர்த்தலம். லிங்கம் அப்பு லிங்கம். கருவறை தரைமட்டத்துக்குக் கீழே இருக்கிறது. வாயில் சிறியது, குனிந்துதான் போக வேண்டும். லிங்கத்தைச் சுற்றி நீர் ஊறுகிறது. ஆற்றில் தண்ணீர் வந்தால் ஊற்றும் கூடும் என்று ஊரில் சொல்வார்கள். நீருக்கு ஒரு கோயில், அந்தக் கோயிலுக்கு நாவல் மரம். இரண்டும் எப்படிச் சேர்ந்தன என்று புராணம் தன் வழியில் சொல்கிறது. என் எண்ணம் இது: முதலில் மரம் நின்றிருக்கும், அது இருந்த இடத்தில் ஊற்று இருந்திருக்கும், மரத்தையும் ஊற்றையும் பார்த்து நின்ற மனிதர் அங்கே ஒரு லிங்கத்தை வைத்துக் கும்பிட்டிருப்பார். ஆனைக்கா என்றால் ஆனைகள் இருந்த சோலை. சோலையும் ஊற்றும் முன்னால், கோபுரம் பின்னால்.

யானையும் சிலந்தியும் வரும் கதையும் இந்த மரத்தடியில்தான் நடக்கிறது. லிங்கத்தின் மேல் நாவல் இலை உதிராமல் இருக்கச் சிலந்தி வலை பின்னி மேற்கட்டி போட்டது. யானை காவிரி நீரைத் துதிக்கையில் கொண்டுவந்து ஊற்றி, வலையைக் குப்பை என்று நினைத்துக் கலைத்தது. சண்டையில் இரண்டும் செத்தன. சிலந்தி கோச்செங்கட்சோழனாகப் பிறந்து, யானை ஏற முடியாத மாடக்கோயில்களைக் கட்டியது. ஆடி மாதத்தில் ஒரு நாவல் மரத்தடியில் கால்மணி நேரம் நின்றவருக்குச் சிலந்தியின் கவலை புரியும். இலை மட்டுமா விழுகிறது? பழம் விழும், பாதி தின்ற பழம் விழும், தின்ற பறவையின் எச்சமும் ஊதாவாக விழும். தலைக்கு மேல் ஒரு வலை வேண்டும்தான். கோச்செங்கட்சோழன் எழுபது மாடக்கோயில் கட்டியதைத் திருமங்கையாழ்வாரும் பாடியிருக்கிறார். சிவன் தலையைக் காத்த சிலந்தியின் மறுபிறவியை, ஸ்ரீரங்கத்தில் மதில் எழுப்பிய வைணவப் பெரியவர் புகழ்ந்திருப்பது இந்தத் தீவுக்குப் பொருத்தமாக இருக்கிறது.

நீரைப் பற்றிப் பேசும்போது சர் சி.வி. ராமனைச் சொல்லாமல் போக முடியவில்லை. 1888 நவம்பர் 7ல் அவர் பிறந்தது திருவானைக்காவலில், தாயாரின் பெற்றோர் வீட்டில். 1921ல் கப்பலில் போகும்போது மத்தியதரைக் கடல் ஏன் இவ்வளவு நீலம் என்று கேட்டு, அந்தக் கேள்வியின் பின்னாலேயே போனவர். நீர்த்தலத்தில் பிறந்தவர் நீரின் நிறத்தைக் கேட்டார் என்பது எங்கள் ஊர்க்காரர்களுக்கு ஒரு பெருமை.

ஸ்ரீரங்கத்தில் இதே பழத்துக்கு நாகப்பழம் என்று பெயர். அரங்கனுக்குத் தல மரம் புன்னை. சந்திர புஷ்கரணிக் கரையில் நிற்கிறது. ஆனாலும் நாவல் வீட்டுக்குள் வந்துவிடும். ஸ்ரீஜெயந்தி அன்று வாசலிலிருந்து பூஜை அறை வரை கண்ணனின் குட்டிக் கால்களை மாக்கோலத்தில் போட்டு, சீடை, முறுக்கு, வெண்ணெயோடு நாகப்பழத்தையும் வைப்பார்கள். பருவம் முடிகிற நேரம். உத்திர வீதியில் ஒரு கிண்ணம் நல்ல நாகப்பழத்துக்காக நான்கு கூடைகளைத் தேடி அலைந்த அனுபவம் எனக்கு உண்டு. அம்மா மண்டபம் படித்துறையில் எந்த நாளும், யார் வீட்டுச் சடங்குக்கும், புரோகிதர் சங்கல்பம் சொல்லும்போது இடத்தைக் குறிப்பிடுவார். அதில் ஜம்பூத்வீபே என்று வரும். தர்ப்பையை விரலில் மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் பலருக்கு, தாம் நாவல் மரத்தின் பெயரால் தம் முகவரியைச் சொல்கிறோம் என்பது தெரியாது. கேட்டவுடன் சொல்லிக் கொடுத்தால் முகம் மலர்ந்துவிடும். நான் இரண்டு மூன்று பேரிடம் செய்து பார்த்திருக்கிறேன்.

நெய்தல் நிலத்திலும் இந்தப் பழம் உண்டு. நற்றிணையில் அம்மூவனார் பாடிய 35ஆம் பாட்டில் ஒரு காட்சி வருகிறது. கடற்கரை மணலில் நாவல் பழம் உதிர்ந்து கிடக்கிறது. கருவண்டுகள் தம் இனம் என்று நினைத்து அதன்மேல் மொய்க்கின்றன. நண்டு ஒன்று வண்டைப் பழம் என்று நினைத்துப் பிடித்துக்கொள்கிறது. பழத்தின் கருமையை இதற்குமேல் துல்லியமாகக் காட்ட முடியுமா? இன்று ஒரு புகைப்படக்காரர் நாள் முழுக்கக் காத்திருந்தாலும் கிடைக்காத காட்சி.

வாதத்துக்கு அழைப்பதற்கும் நாவல் பயன்பட்டது. குண்டலகேசி ஊர் ஊராகப் போய் வாசலில் மணலைக் குவித்து அதில் ஒரு நாவல் கிளையை நட்டுவிடுவாள். யாராவது அதை மிதித்துச் சாய்த்தால் வாதுக்கு வருகிறார்கள் என்று பொருள். நம் ஐம்பெருங்காப்பியங்களில் ஒன்றுக்கு நாயகியான அவளுடைய நூல் பெரும்பகுதி அழிந்துவிட்டது. நாவல் கிளை மட்டும் கதையில் நிற்கிறது. ஏன் நாவல்? நாடு முழுவதையும் வாதுக்கு அழைக்கிறேன் என்பதற்கு நாட்டின் மரத்தையே நட்டாள் என்று நான் புரிந்துகொள்கிறேன்.

ஊர்ப் பெயர்களிலும் மரம் ஊன்றி நிற்கிறது. சுந்தரர் பிறந்த திருநாவலூருக்கும் தல மரம் நாவல்தான். யாழ்ப்பாணத்தில் நாவற்குழி. நமக்குப் பக்கத்தில், திண்டுக்கல் சாலையில், நாவலூர் குட்டப்பட்டு. மகளிர் தோட்டக்கலைக் கல்லூரியும் தேசியச் சட்டப் பல்கலைக்கழகமும் அங்கே இருக்கின்றன.

இனிக் கடல் கடந்த கதை. 1753ல் லின்னேயஸ் இதற்கு அறிவியல் பெயர் வைத்தார். 1912ல் ஸ்கீல்ஸ் அதைத் திருத்திச் சைஜீஜியம் குமினி என்று ஆக்கினார், இன்றும் அதுதான் வழக்கு. கிராம்பும் இதே பேரினம். கொய்யாவும் யூகலிப்டஸும் இதே குடும்பம். 1870க்கு முன்பே மரம் ஹவாய்க்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. 1911ல் அமெரிக்க வேளாண்மைத் துறை பிலிப்பைன்ஸிலிருந்து விதை வரவழைத்து ஃப்ளோரிடாவில் பரப்பியது. காய்ந்தால் செத்துப்போகும் கொட்டை இவ்வளவு தூரம் போயிருக்கிறது என்றால், யாரோ அதை ஈரம் போகாமல் கைக்குழந்தை போலப் பார்த்துக்கொண்டு போயிருக்கிறார்கள்.

போன இடத்தில் பெயர் மாறியது. ஹவாயில் அது ஜாவா பிளம். பிரேசிலில் ஜம்போலான். சான்ஸிபாரில் சம்பராவ். சொல் வேறொரு வழியாகப் போனது. மலாய் மொழியில் ஜம்பு என்ற சொல் கொய்யாவுக்கும் உண்டு, தண்ணீர் நிறைந்த சிவப்புப் பழம் ஒன்றுக்கும் உண்டு, முந்திரிப் பழத்துக்கும் உண்டு. கொய்யாவும் முந்திரியும் அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்தவை. கீழைக் கடல்களில் இந்தியப் பெயரைச் சூட்டிக்கொண்டன. கொழும்பிலோ கோலாலம்பூரிலோ தமிழர் ஒருவர் ஜம்பு வாங்கி வந்தேன் என்றால் அது நாவலாக இருக்காது. மரத்தை விட்டுப் பெயர் தனியாகக் கிளம்பி, பெயரை விட்டு மரம் தனியாகக் கிளம்பி, இரண்டும் உலகம் சுற்றுகின்றன.

ஹவாயிலும் ஃப்ளோரிடாவிலும் இன்று நாவல் வேண்டாத மரங்களின் வரிசையில் இருக்கிறது. பறவைகள் விதையைக் காட்டுக்குள் கொண்டுபோக, அடர்ந்த நிழலில் அந்த ஊர்ச் செடிகள் வளர முடியாமல் போகின்றன. படித்தபோது மனம் வலித்தது. ஆனால் அவர்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. மணப்பாறைப் பக்கம் வறண்ட கண்மாய்களில் சீமைக்கருவேலம் செய்திருப்பதைப் பார்த்தவன் நான்; அதுவும் அமெரிக்கக் கண்டத்தில் தன் ஊரில் நல்ல மரம்தான். ஒரு மரம் தன் மண்ணில் எவற்றோடு சேர்ந்து வளர்ந்ததோ அவற்றோடு இருக்கும்போதுதான் அளவோடு இருக்கிறது. ஆற்றங்கரையில் மருதும் புங்கனும் நீர்நொச்சியும் பக்கத்தில் நிற்க, நாவல் தன் இடத்தை மட்டும் எடுத்துக்கொள்கிறது.

தலைநகருக்கும் அது போயிருக்கிறது. புது டெல்லியைக் கட்டியபோது சாலை மரங்களுக்கு நாவலைத் தேர்ந்தெடுத்தார்கள். ராஜபாதை என்று இருந்து கர்த்தவ்ய பாதை ஆன சாலையின் இரு பக்கமும் நாவல் வரிசை. குடியரசு தினத்தன்று சிங்கச் சின்னமும் மூவர்ணக் கொடியும் மாநில ஊர்திகளும் போவது அந்த மரங்களின் நடுவில். தொலைக்காட்சியில் அணிவகுப்பைப் பார்க்கும்போது என் கண் பின்னால் நிற்கும் கரும்பச்சைத் தலைகளுக்குத்தான் போகும். ஜனவரி என்பதால் பழம் இருக்காது. ஜூலையில் அதே சாலையில் பழம் உலுக்க ஆள் ஏறுவார்கள். உலுக்கும் உரிமையை நகராட்சி ஏலம் விடும்.

இங்கே நம் ஊரில் நிலைமை அப்படி இல்லை. நான் படித்த பள்ளியின் பின்சுவரை ஒட்டி ஒரு நாவல் நின்றது. பழக்காலத்தில் மதிய மணி அடித்ததும் எங்கள் வகுப்பே அதன் கீழ்தான். யார் நாக்கு அதிகம் கறுத்திருக்கிறது என்று நீட்டிக் காட்டிப் போட்டி. சைக்கிள் நிறுத்தும் இடத்தில் கறை படுகிறது, வழுக்குகிறது என்று வெட்டிவிட்டார்கள். வெட்டிய அன்று அடிமரத்தைச் சுற்றி ஈசலைப் போலப் பிள்ளைகள் நின்றோம். சாலையோர நாவல்களுக்கும் இதே குற்றச்சாட்டுதான்: கறை. ஆண்டில் 40 நாள் தரை ஊதாவாக இருப்பதைப் பொறுத்துக்கொள்ள முடியாமல், 100 ஆண்டு நிற்கக்கூடிய நிழலை இழக்கிறோம். எனக்கு இதில் கோபம் உண்டு. அதை மறைக்க விரும்பவில்லை.

கொட்டைக்கு மட்டும் மவுசு ஏறியிருக்கிறது. நாட்டு மருந்துக் கடையில் நாவல் கொட்டைப் பொடி என்றாலே, சர்க்கரைக்கா என்று கேட்பார்கள். சித்த, ஆயுர்வேத மரபில் நீரிழிவுக்கு இதைச் சொல்லியிருப்பது உண்மை. மருத்துவர் தந்த மாத்திரையை நிறுத்திவிட்டு இதை மட்டும் நம்பியவர்கள் பட்ட பாட்டையும் பார்த்திருக்கிறேன், அது கூடாது.

நாலு வருஷம் முன்பு, பாட்டியிடம் வாங்கிய பழத்தின் கொட்டைகளை அன்று மாலையே மண்ணில் புதைத்தேன். பன்னிரண்டாம் நாள் ஒரு கொட்டையிலிருந்து மூன்று முளை. ஒன்று வாடிவிட்டது. இரண்டாவதைக் கொள்ளிடக் கரையில் வாழை வைத்திருக்கும் நண்பர் கொண்டுபோனார். மூன்றாவதை அக்கா வீட்டுக் கொல்லையில், பழைய கிணற்றுக்குத் தெற்கே மூன்று முழம் அளந்து நட்டோம். வராகமிகிரர் கணக்குப்படி கிணறு மரத்துக்கு வடக்கே வர வேண்டும் இல்லையா. அக்காவுக்கு இதெல்லாம் வேடிக்கையாக இருந்தாலும் தண்ணீர் ஊற்றுவதை ஒரு நாளும் நிறுத்தவில்லை. இந்த ஆனியில் அது என் தோள் உயரம். புதுத்தளிர் செம்பு நிறத்தில் வந்திருக்கிறது.

பாட்டியிடம் சொன்னேன். கூம்பைக் குலுக்கிக்கொண்டே கேட்டார்.

"விதைக் கண்ணுதானே? காய்க்கப் பத்து வருஷம் ஆகும் தம்பி. அதுவரைக்கும் இங்கயே வாங்கிக்குங்க."